மூக்கு ராவிய ரிவால்வர்கள்

மாரெட்பள்ளி,
செப்டம்பர் 5

ராஜத்துக்கு ஜகதீசன் எழுதுவது. இங்கே நானும் நீ விட்டுப்போன துளசிச் செடியும் சௌக்கியம். செடி என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சௌக்கியம். அதற்கு வேளாவேளைக்குத் தண்ணீர் கிடைக்கிறது. மெல்போர்னில் நீயும் சுபாஸ்ரீயும் பேரனும் குளிருக்கு அடக்கமாக இருக்கிறீர்களா? குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட மாப்பிள்ளை சம்மதித்தாரா, அல்லது இன்னும் டாக்டரைக் கேட்க வேண்டும் என்கிறாரா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பால் காய்ச்சப் போய்விடுகிறாய். நான் சொல்வதையெல்லாம் அந்த வீட்டுச் சுவர்தான் கேட்கிறது. இது துப்பாக்கி விஷயம். ரிவால்வர் என்று வெளிநாட்டு போனில் உச்சரித்தால் எந்த மிஷின் எங்கே குறித்துக்கொள்ளும் என்று யார் கண்டது? தபால் மெதுவாக வரட்டும், பரவாயில்லை.

நம்மோடு இருந்த உன் அப்பா காலமானதும் அவருடைய நான்கு ரிவால்வர்களையும் தேவராஜின் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தோம். லைசென்ஸ்காரர் போய்விட்டால் ஆயுதம் வீட்டில் இருக்கக் கூடாது என்பது சட்டம். வாரிசுகளான நீயும் உன் தம்பி கிரியும் விற்றுவிடலாம் என்று சம்மதம் எழுதிக் கொடுத்தீர்கள். அப்புறம் ஏர்போர்ட்டில் டிராலியைத் தள்ளிக்கொண்டே நீ என்ன சொன்னாய்? விலையெல்லாம் பார்க்க வேண்டாம், பேசாமல் அரசாங்கத்திடமே கொடுத்துவிடுங்கள் என்றாய். கொத்தமல்லிக் கட்டுக்கு மோண்டா மார்க்கெட்டில் அரை மணி நேரம் சண்டை போடுகிறவள் நீ. எனக்கு அப்போதே உறுத்தியது. சரி, பிரயாண அவசரம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் விலை பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? உன் தாத்தா ஏலக்கடையில் குமாஸ்தாவாக இருந்தபோது, கப்பலேறிப் போன வெள்ளைக்காரத் துரைகள் விட்டுப்போனதையெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்தவை. பழைய ஆயுதங்களுக்கு மதிப்புப் போடும் ஆக்னஸ் என்ற அம்மாளைப் பிடித்தேன். திருமலகிரிக்காரர், நம் தமிழ்தான். மியூசியம், ஏலக் கம்பெனி எல்லாம் அவரைத்தான் கூப்பிடுகிறார்களாம். நேற்று தேவராஜ் கடையில் வைத்துப் பார்த்தார்.

வந்ததும் வராததுமாக உன் அப்பாவைக் குறை சொல்ல ஆரம்பித்தார். பித்தளை பாலிஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்தது யார், பழைய நீலப் பூச்சு போய்விட்டதே என்றார். ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் கைப்பிடி இடுக்கிலெல்லாம் காய்ந்து கிடப்பதைப் பல்குத்தும் குச்சியால் நோண்டி எடுத்து, இதையெல்லாம் சாமி கேட்டதா என்றார். எனக்குச் சுருக்கென்றது. உன் அப்பாவை நான் ஆயிரம் சொல்வேன், இவர் யார் சொல்ல?

ஆனால் வேலை தெரிந்தவர்தான். குழாயின் அடியில் தேய்ந்துபோன எழுத்தின் மேல் சாக்பீஸ் பொடியைத் தடவி ஊதினார். ஒரு துரையின் பெயரின் முதலெழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. கிரீடம் போட்ட முத்திரை ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்த்தார். உடம்பிலும் சுழலும் உருளையிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒப்பிட்டார். இருந்தது. நம் நான்கில் மிகப் பழையது, தோட்டாவே கிடையாது, வெடிமருந்தை இடித்து மேலே சின்னத் தொப்பி வைத்துச் சுட வேண்டும், அதுதான் ராஜா என்றார். மற்ற மூன்றும் தோட்டா போடுகிற ரகம். இரண்டு வெப்லி கம்பெனி, ஒன்று சட்டைப்பைக்குள் அடங்குகிற குள்ளன்.

அந்த மூன்றையும் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கிறோமே, விசையைத் தொட்டதும் முன்னால் வந்து அடிக்கிறதே, குதிரை, அதன் நுனியில் சின்ன மூக்கு ஒன்று உண்டு. அது போய்த் தோட்டாவைக் குத்தினால்தான் வெடிக்கும். மூன்றிலும் அந்த மூக்கு இல்லை, ராஜம். ஒட்ட ராவி எடுத்திருக்கிறது. தேய்மானம் இல்லை, யாரோ வேண்டுமென்றே செய்தது என்று ஆக்னஸ் சொன்னார். இப்படி இருந்தால் பாதி விலைக்குக்கூடப் போகாதாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏறக்குறைய ஒரு வருஷமாக அவை தேவராஜ் லாக்கரில் இருக்கின்றன. பழைய ரிவால்வரின் அசல் குதிரைக்கே தனியாக ஆள் அலைகிறார்கள் என்று அவனே ஒருமுறை சொல்லியிருக்கிறான். நல்லதைக் கழற்றிக்கொண்டு கெட்டதை மாட்டினானா? கேட்டால் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, சார், வந்தது வந்தபடி இருக்கு என்கிறான். வியாபாரியின் பாவமான முகத்தை நான் நம்புவதில்லை. அந்த அம்மாள் மேலும் ஒரு கண் இருக்கிறது. விலையை அடித்துவிட்டுத் தானே வாங்கும் திட்டமோ என்னவோ.

கிரியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ரிவால்வர்களை அலமாரியிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனது அவன்தான். நான் வருகிறேன் என்றதற்கு, நக்கோ மாமா, வேண்டாம், நீங்க ரெஸ்ட் எடுங்க என்றான். இவ்வளவு அக்கறை எதற்கு? யோசித்து எழுது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். சுபாவுக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஜகதீசன்


மாரெட்பள்ளி,
செப்டம்பர் 24

ராஜத்துக்கு,

கடிதம் கிடைத்ததும் நீ போன் செய்தாய். முதல் தடவையாக ஸ்பீக்கரில் போடாமல் பேசினாய். அதையும் கவனித்தேன். யாரையும் ஒன்றும் கேட்காதீர்கள், நான் வந்து பேசிக்கொள்கிறேன் என்றாய். என்ன பேசுவாய் என்றேன். குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாய். குழந்தை அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

உன் தம்பிக்கு நீ முட்டுக்கொடுக்கிறாய். நேராகவே எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக் குமைய எனக்கு வராது. அப்பா போன பிறகு அவன் உனக்குப் பிள்ளை மாதிரி, தெரியும். ஆனால் இது உன் அப்பா வைத்துப்போன சொத்து. விற்று வருவதைப் பேரன் பெயரில் போடலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

நடந்ததைக் கேள். உன் போன் வந்த மறுநாள் காலையில் கிரி தானாகவே வந்து நின்றான். போவன்பள்ளி மார்க்கெட்டில் சரக்கு இறங்குகிற நேரத்தில் தன் வெங்காய மண்டியை விட்டு நகராதவன். செருப்பைக் கழற்றும்போதே, மாமா, அந்த வேலையைச் செய்தது நான்தான் என்றான். நான் இன்னும் கேள்வியே கேட்கவில்லை! எதற்கடா என்றேன். சும்மா, குழந்தைகள் எடுத்து விளையாடினால் ஆபத்து என்று, என்றான். நம் வீட்டில் குழந்தை ஏது? சுபாவே கல்யாணமாகிப் போயாயிற்று. எப்போது செய்தாய் என்றால், கடைக்குக் கொண்டுபோகிற வழியில் பாலாநகரில் ஒரு பட்டறையில் கிரைண்டரில் கொடுத்து ராவினேன் என்றான். பட்டறை பெயர் கேட்டேன். அதை இப்போ மூடிட்டாங்க மாமா என்றான். சீட்டாட்டத்தில் தோற்றால்கூட ஒப்புக்கொள்ளாதவன் இதை இப்படிச் சடக்கென்று ஒப்புக்கொள்கிறான் என்றால், இதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறான் என்றுதானே அர்த்தம்?

வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, சரி மாமா என்று போனான். கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டை மட்டும் வாசல் கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். நான் தொடவில்லை. மத்தியானத்துக்குள் எதிர் வீட்டு ஆடு தொட்டுவிட்டது.

போலீஸில் புகார் கொடுக்கத்தான் போகிறேன். லைசென்ஸ் ஆயுதத்தில் கை வைப்பது சாதாரணக் குற்றம் இல்லை. ஒரு விஷயம் மட்டும் என்னை நிறுத்தி வைத்திருக்கிறது. விலை மதிப்பு மிகுந்தது அந்தத் தொப்பி வைக்கிற ரிவால்வர். திருடுகிறவன், கெடுக்கிறவன், யாராக இருந்தாலும் முதலில் அதில்தானே கை வைப்பான்? அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. தோட்டா போட்டு உடனே சுடக்கூடிய மூன்று மட்டும்தான் நாசம். இது என்ன மாதிரித் திருட்டு என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் ஸ்டேஷனுக்குப் போவேன்.

நீ இதற்குப் பதில் எழுது. போனில் வேண்டாம், போனில் நீ மழுப்புகிறாய். உனக்கு இதில் ஏதோ தெரியும் என்று நான் சந்தேகப்படுகிறேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் உன்னைப் பார்த்து இந்த வார்த்தையை எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கே கசக்கிறது. குளிருக்குக் காதை மூடிக்கொள். உன் முட்டி வலித் தைலம் பெட்டியின் பக்கப் பையில் இருக்கிறது, நான்தான் வைத்தேன்.

இப்படிக்கு,
ஜகதீசன்


மாரெட்பள்ளி,
விஜயதசமி

என் ராஜத்துக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டாம். புகார் கொடுக்கவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சு விட்டுக்கொள்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், கிரி சொன்ன கிரைண்டர் சங்கதியை நானே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தேவராஜ் கடைக்குப் போனேன். கம்பெனி டூல்ரூமில் வேலை பார்த்த காலத்து என் லென்ஸைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். ஆக்னஸ் அம்மாளுக்கு முத்திரையும் எண்ணும் தெரியும். எனக்கு அரம் தெரியும், ராஜம். முப்பது வருஷம் பையன்கள் ராவிக் கொண்டுவந்த இரும்பைப் பார்த்தே, இது யார் கை, எந்தக் கால் மேல் பாரம் போட்டு நின்றான் என்று சொல்லியிருக்கிறேன். தேவராஜ் மூன்றையும் துணி விரித்து வைத்தான். நான் லென்ஸை வைத்தேன்.

கிரைண்டர் பட்ட இரும்பு சூட்டில் நிறம் மாறும், கோடுகள் சீராக இருக்கும். இங்கே அப்படி இல்லை. கையால் ராவியது. அதுவும் பழகாத கை. பழகினவன் தள்ளும்போது மட்டும் அழுத்துவான், இழுக்கும்போது விடுவான். இது தேங்காய் துருவுகிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்திருக்கிறது. அந்தக் கோடுகளுக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்திருந்தது. ஒரு பூஜைச் சந்தனம் இல்லை, பழுப்பும் மஞ்சளுமாக ஒன்றன் மேல் ஒன்று, பல வருஷத்துப் பூஜை. அப்படியென்றால் அவை தேவராஜ் கடைக்கு வருவதற்கு வெகு முன்னாலேயே, நம் வீட்டு அலமாரியில் இருந்தபோதே நடந்த வேலை. தேவராஜும் இல்லை, வழியில் கொண்டுபோன கிரியும் இல்லை.

அப்புறம் கோடுகள் சாய்ந்திருந்த பக்கத்தைப் பார்த்தேன். வலது கைக்காரன் ராவினால் ஒரு பக்கம் சாயும். இவை மூன்றும் மற்றப் பக்கம் சாய்ந்திருந்தன.

நீ இடது கையால் அரிவாள்மணையில் காய் நறுக்குவதை என் அம்மா எத்தனை தடவை குறை சொல்லியிருக்கிறாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். கடையில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தேவராஜ் பயந்துபோய்க் கடைப் பையனிடம் சோடா வாங்கி வரச் சொன்னான். கண்ணில் ஏதோ தூசி என்றேன். அவன் நம்பவில்லை. வியாபாரி, முகம் பார்க்கத் தெரிந்தவன். ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு உள்ளே போய்விட்டான்.

பாலாநகரில் நம் கம்பெனி கேட்டைப் பூட்டி எனக்கு வேலை போன வருஷம்தானே அது? சுபா ஹாஸ்டலில் இருந்தாள். நான் ஷேவ் செய்துகொள்ளாமல், பேப்பர்கூடப் படிக்காமல் இருந்த வருஷம். உன் அப்பாவுக்குக் கண்புரை. அலமாரிச் சாவியை உன்னிடம் கொடுத்திருந்தார். நீ அதை அரிசி டின்னில் போட்டு வைத்தாய். நான் தேடி எடுத்தேன். மத்தியானங்களில் மாடி அறையில் எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்திருப்பேன். உன் அப்பாவால் முடியவில்லை, நான் சுத்தம் செய்து வைக்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் நான் உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் மோர் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வருவாய். தினமும் மோர். மழை பெய்தாலும் மோர். ஒரு நாள், என்னை ஏன் இப்படி உளவு பார்க்கிறாய் என்று டம்ளரைத் தட்டிவிட்டேன். நீ துணி கொண்டுவந்து தரையைத் துடைத்துவிட்டு, மறுபடி இன்னொரு டம்ளர் கொண்டுவந்தாய்.

அங்கே நான் சுத்தம் செய்யவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. இதற்கு மேல் இதை எழுத வேண்டாம்.

ஒன்று மட்டும் நினைத்து நினைத்து எனக்கு ஆறவில்லை. தீபாவளிக்குச் சங்குசக்கரம் சுற்றினால்கூடக் கட்டில் மேல் ஏறி நிற்கிறவள் நீ. அந்தக் குதிரையைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு வெளியே தெரிய வைத்துக்கொண்டுதான் ராவியிருக்க முடியும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்றுகூட உனக்குப் பார்க்கத் தெரியாது. ஒன்றில்லை, மூன்று. எப்போது செய்தாய்? நான் தூங்கும்போதா, வேலை தேடி வெளியே போனபோதா? யாரிடமும் சொல்லாமல், சொன்னால் எனக்கு அவமானம் என்று, இத்தனை வருஷம் ஆயுத பூஜைக்கு நீயே அவற்றுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்துத் திரும்ப அலமாரியில் பூட்டினாய். என்னை ஒருமுறைகூடத் தொட விடவில்லை. பிறந்த வீட்டுச் சாமான் என்ற கர்வம் என்று நினைத்தேன், ராஜம். நான் இப்படி ஒரு முட்டாள்.

மறுநாள் விடியும்போதே போவன்பள்ளிக்குப் போனேன். கிரி வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் போலீஸோடு வந்திருக்கிறேனா என்று என் பின்னால் பார்த்தான். நீ செய்யாத குற்றத்தை ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கேட்டேன். அக்கா போன் பண்ணிக் கேட்டாள் மாமா என்றான். காரணம் கேட்டாயா என்றேன். அக்கா கேட்டால் காரணம் கேட்பார்களா என்றான். மார்க்கெட்டில் அத்தனை பேர் நடுவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. நக்கோ மாமா, நக்கோ என்று சொல்லிக்கொண்டே எனக்கு டீ சொன்னான். இன்று மத்தியானம் அவனும் அவன் பெண்டாட்டி காஞ்சனாவும் வந்து சமைத்துப் போட்டார்கள். முருங்கைக்காய் சாம்பார். ஆட்டுக்குக் கொடுக்கவில்லை.

ஆக்னஸ் அம்மாளிடம் பேசினேன். தெரிந்த ஆளிடம் சொல்லிப் புதுக் குதிரை மாட்டிவிடலாம், விலை ஏறும் என்றார். வேண்டாம் என்றேன். அப்படியே போகட்டும், வாங்குகிறவர் ஏன் இப்படி என்று கேட்டால் வீட்டில் ஒருவர் பாதுகாப்புக்காகச் செய்தது என்று சொல்லுங்கள் என்றேன். அவர் தன் குறிப்பில் அப்படியே எழுதிக்கொண்டார். அவரைச் சந்தேகப்பட்டதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நேற்று ஆயுத பூஜையை நானே செய்தேன். இந்த வருஷம் ரிவால்வர்கள் இல்லை. பரணிலிருந்து என் பழைய டூல் பெட்டியை இறக்கினேன். சின்ன அரங்கள் இருக்கும் பையில் ஒன்று மட்டும் தலைகீழாகச் செருகியிருந்தது. பல்லெல்லாம் இரும்புத்தூள் அடைத்து மழுங்கிப் போயிருந்தது. நான் அப்படி வைக்கிறவன் இல்லை. அதைத் துடைக்கவில்லை. அப்படியே மணைமேல் வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, துளசி ஒரு கொத்து கிள்ளி வைத்தேன். உன்னைப் போல இடது கையால் வைத்துப் பார்த்தேன், பொட்டு கோணலாக வந்தது.

நீ வந்து இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். நானும் கேட்க மாட்டேன். பேரனுக்குத் தலை நின்றதும் கிளம்பி வந்துவிடு. மத்தியானத்தில் மாடி அறைக்குப் போய் உட்கார்ந்தால், படியில் காலடி கேட்கிறதா என்று காது தானாகக் காத்திருக்கிறது. நான் அங்கே பேப்பர்தான் படிக்கிறேன், பயப்படாதே. ஆனாலும் நீ மோர் எடுத்துக்கொண்டு வர வேண்டும். இந்த முறை மிச்சம் வைக்காமல் குடிப்பேன்.

நீ நூறு வயசு இரு. அதற்கு ஒரு நாள் குறைவாக நான் இருக்கிறேன்.

உன்,
ஜகதீசன்